பழைய கணினி, ஆய்வகக் கருவி: பேச்சு எந்த இடத்தில் நின்றுபோகிறது?

கொமடோர் பெட் கணினியின் முதுகில் மல்டிமீட்டரை மாட்டியாகிவிட்டது. ஒரு ஓப்பன் கட்டளை அடித்து ரிட்டர்ன் தட்டினால், டேப்பில் பிளே பொத்தானை அழுத்தச் சொல்கிறது திரை. டேப் ரெக்கார்டரே பக்கத்தில் இல்லை! முதல் தடவை இது நடந்தபோது மெமரி சிப் போய்விட்டது என்று நினைத்து அரைநாள் பலகையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குற்றவாளி, மல்டிமீட்டரின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன சுவிட்ச்.

பழைய வீட்டுக் கணினியையும் அளவைக் கருவியையும் பேச வைக்கும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். எதுவும் உடைந்திருக்காது. ஒருவர் பேசி முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார், மற்றவர் இன்னும் பேச்சு முடியவில்லை என்று காத்துக்கொண்டிருப்பார். அதனால் சாலிடரிங் அயர்னை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? கீழே உள்ளவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், விசைப்பலகையில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழைய இயந்திரங்கள் இதற்கு லாயக்கா என்று சந்தேகம் இருந்தால், லாயக்குதான். ஹியூலெட்-பேக்கர்ட் தன் கருவிகளுக்காக உருவாக்கிய இணைப்பு 1975-இல் ஐஇஇஇ-488 என்ற தரமானது. அதைத்தான் ஜிபிஐபி என்கிறோம். 1977-இல் வந்த பெட், அந்தப் போர்ட்டோடுதான் பிறந்தது. 1982-இல் வந்த கொமடோர் 64-க்கு அது கிடையாது. கார்ட்ரிட்ஜ் போட வேண்டும், அல்லது யூசர் போர்ட் வழியாக சீரியலில், அதாவது ஒவ்வொரு பிட்டாக, பேச வேண்டும். 1981-இன் பிபிசி மைக்ரோவில் ஆர்எஸ்-423 சீரியல் போர்ட் கூடவே வருகிறது.

அறிகுறி: கருவியைக் கூப்பிட்டால் டேப்பைக் கேட்கிறது, அல்லது திரையிலேயே எழுதுகிறது

கொமடோரின் நிரல் மொழியான பேசிக்கில் சாதன எண் 0 விசைப்பலகை, 1-உம் 2-உம் டேப் (கொமடோர் 64-இல் மட்டும் 2 என்பது சீரியல்), 3 திரை. இந்த நான்கும் கணினிக்குள்ளேயே முடிந்துவிடும், ஜிபிஐபி கேபிள் பக்கமே போகாது. கருவியின் முகவரி 1 என்று இருந்தால், கணினி டேப்பைத் தேடுவதில் தப்பே இல்லை. முகவரி 4-இலிருந்து 30-க்குள் இருக்க வேண்டும். 4 பிரிண்டருக்கும் 8 டிஸ்க் டிரைவுக்கும் வழக்கமாகப் போய்விடுவதால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

கருவியின் பின்பக்க டிஐபி சுவிட்சுகளில் ஐந்து முகவரிக்கானவை: 1, 2, 4, 8, 16. ஐந்தையும் போட்டால் 31 வரும். அது ஜிபிஐபி மொழியில் 'எல்லோரும் விலகுங்கள்' என்பதற்கு ஒதுக்கப்பட்ட எண், எந்தக் கருவிக்கும் கொடுக்கக்கூடாது. பக்கத்திலேயே 'டாக் ஒன்லி' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதை அணைத்து வையுங்கள். அது போட்டிருந்தால் கருவி யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். முக்கியமானது, பல கருவிகள் இந்த சுவிட்சுகளை பவர் போடும் நேரத்தில் மட்டுமே பார்க்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை அணைத்துப் போடாமல், மாற்றம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அறிகுறி: டிவைஸ் நாட் பிரசன்ட்

முதலில் ஒரு பொய்யான நிம்மதியைக் கலைத்துவிடுகிறேன். கோப்புப் பெயர் இல்லாமல் ஓப்பன் கொடுத்தால் கொமடோர் கேபிளில் எதையுமே அனுப்பாது, தன் பட்டியலில் ஒரு வரி குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஓப்பன் பிழையின்றிப் போனதால் கருவி அங்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. கருவிக்கு எழுத்துகளை அனுப்பும் முதல் பிரிண்ட்# கட்டளையில்தான் உண்மை வெளிவரும்.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஜிபிஐபியில் எட்டு டேட்டா கம்பிகள், ஐந்து மேலாண்மைக் கம்பிகள், மூன்று கைகுலுக்கல் கம்பிகள். எல்லாமே தலைகீழ் தர்க்கம், வோல்டேஜ் இறங்கினால்தான் 'ஆம்'. கைகுலுக்கும் மூன்றில் என்ஆர்எஃப்டி என்பது 'நான் இன்னும் தயாரில்லை', என்டிஏசி என்பது 'நான் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை', டிஏவி என்பது பேசுபவர் சொல்லும் 'இதோ, பைட் வைத்துவிட்டேன்'. கேட்பவர்கள் எல்லோரும் என்ஆர்எஃப்டியை விட்டபிறகுதான் பேசுபவர் டிஏவியை இறக்குவார். எல்லோரும் என்டிஏசியை விட்டபிறகுதான் டிஏவியை ஏற்றுவார். கூட்டத்திலேயே மெதுவானவரின் வேகம்தான் எல்லோருக்கும்.

கணினி பேச வரும்போது என்ஆர்எஃப்டி, என்டிஏசி இரண்டுமே மேலே இருந்தால், 'தயாரில்லை' என்று சொல்லவும் ஆளில்லை, 'வாங்கவில்லை' என்று சொல்லவும் ஆளில்லை. அதாவது அந்தப் பக்கம் யாருமே இல்லை. டிவைஸ் நாட் பிரசன்ட் பிறப்பது இப்படித்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முகவரி கூப்பிடும்போது, அதாவது ஏடிஎன் கம்பி இறங்கியிருக்கும்போது, பவர் போட்டிருக்கும் எல்லாச் சாதனங்களும் கவனித்தாக வேண்டும். அதே கேபிளில் டிஸ்க் டிரைவ் இருந்தால், மல்டிமீட்டருக்கான அழைப்புக்கு டிரைவும் கைகுலுக்கிவிடும். மல்டிமீட்டர் அணைந்திருந்தாலும் பிழைச் செய்தி எதிர்பார்த்த இடத்தில் வராமல் போகலாம். சோதிக்கும்போது கணினியும் ஒரே ஒரு கருவியும் மட்டும் இருக்கட்டும். டிரைவைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் கம்பிகளை அளந்து பாருங்கள். ஜிபிஐபி பிளக்கின் முதுகில் இன்னொரு சாக்கெட் இருப்பதால் அளப்பது சுலபம். பின் 6 டிஏவி, 7 என்ஆர்எஃப்டி, 8 என்டிஏசி, 11 ஏடிஎன், 17 ஆர்இஎன் (கருவியை ரிமோட்டில், அதாவது கணினியின் கட்டுப்பாட்டில், வைப்பது), 18 முதல் 24 வரை தரைக் கம்பிகள். சும்மா மேலே நிற்கும் கம்பியில் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், இழுக்கப்பட்ட கம்பியில் அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்கும். நடுவில் 1.5 வோல்ட் மாதிரி அசையாமல் நின்றால் அதைச் சந்தேகியுங்கள். வேகமாக ஆடும் கம்பியும் சாதாரண மீட்டரில் அப்படித்தான் சராசரி காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆளே இல்லை என்றால், பெட்டின் எட்ஜ் கனெக்டரைப் பாருங்கள். போர்ட் என்பது பலகையின் விளிம்பில் இருக்கும் 24 பட்டைகள், அவ்வளவுதான். நாற்பது வருடத்துக்கு மேலான அழுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே போதும். மணல் தாளால் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பூச்சு போய்விட்டால் அப்புறம் அந்தப் பட்டை ஒழுங்காகத் தொடவே தொடாது. கனெக்டரில் திசை காட்டும் சாவித் துண்டு தொலைந்திருந்தால் தலைகீழாகவும் ஏறிவிடும், மாட்டும் முன் சரிபாருங்கள்.

அறிகுறி: எல்லாமே உறைந்து நிற்கிறது

ஒரு கருவியோடு ஓடியது, மூன்றாவதை மாட்டியதும் நின்றது என்றால், அணைத்து வைத்த கருவிதான் முதல் சந்தேகம். பவர் இல்லாத சில கருவிகள் கம்பிகளைக் கீழே இழுத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் என்ஆர்எஃப்டி மேலே வருகிறது என்று பாருங்கள். கேபிளுக்கும் எல்லை உண்டு. கணினியையும் சேர்த்து மொத்தம் 15 சாதனங்கள், சாதனத்துக்கு 2 மீட்டர் வீதம், எப்படியும் மொத்தம் 20 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் ஐஇசி-625 என்ற பெயரில் இதே தரம் 25 பின் டி-வடிவக் கனெக்டரில் வந்தது. பார்க்க அச்சு அசல் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் மாதிரியே இருக்கும். சீரியல் என்று நினைத்து 12 வோல்ட் ஊசலாடும் கேபிளை அதில் செருகினால், உள்ளே இருக்கும் சிப்புகள் உயிரோடு இருக்க வாய்ப்பு குறைவு. பெயர்ப்பலகையைப் படிக்காமல் 25 பின் எதையும் செருகாதீர்கள்.

அறிகுறி: 'ரிமோட்' விளக்கு எரிகிறது, ஆனால் சொன்னதைச் செய்யவில்லை

இதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். விளக்கு எரிந்தால் முகவரி சரி, கேபிள் சரி. கருவி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வாக்கியம் எங்கே முடிந்தது என்று அதற்குத் தெரியவில்லை.

பிரிண்ட்# கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் மட்டும் அனுப்பும், அதாவது எழுத்து எண் 13. பல கருவிகள் எதிர்பார்ப்பது லைன் ஃபீட், எண் 10. கொமடோரில் இதற்கு ஒரு ஒளிந்திருக்கும் வழி இருக்கிறது. ஓப்பனில் முதலில் தரும் கோப்பு எண் 128 அல்லது அதற்கு மேல் இருந்தால், கேரேஜ் ரிட்டர்னுக்குப் பின்னால் லைன் ஃபீடும் தானாகவே போகும். ஓப்பன் 5,22 என்பதை ஓப்பன் 130,22 என்று மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும். பெட்டின் பழைய ரோம்களில் (பேசிக் பதிந்திருக்கும் சிப்புகளில்) லைன் ஃபீட் எப்போதுமே போகும், அதனால் அந்தக் காலத்து நிரல்களில் இந்தத் தந்திரத்தைப் பார்க்க மாட்டீர்கள்.

கடைசி எழுத்தோடு இஓஐ கம்பியை இழுப்பது இன்னொரு முற்றுப்புள்ளி. பெட் இதையும் செய்கிறது. 1987-இல் வந்த 488.2 தரத்தைப் பின்பற்றும் கருவிகள் லைன் ஃபீட், இஓஐ எதையும் ஏற்றுக்கொள்ளும், கேரேஜ் ரிட்டர்னை வெறும் இடைவெளியாகக் கருதும். அதற்கு முந்தைய கருவிகளோ ஒவ்வொன்றும் ஒரு ரகம். சிலவற்றுக்குக் கூடுதலாக வரும் கேரேஜ் ரிட்டர்னே ஆகாது. அப்படியானால் வரியை அரைப்புள்ளியில் முடித்து, தேவையான எழுத்தை, எண்ணை எழுத்தாக்கும் சிஎச்ஆர்$ மூலம் நீங்களே அனுப்புங்கள்.

அடுத்தது எண்கள். பேசிக் நேர்ம எண்ணுக்கு முன்னால் ஒரு இடைவெளி விடும், பின்னாலும் ஒன்று விடும். "எஃப்ஆர்";எஃப் என்று அனுப்பினால் ஃபங்ஷன் ஜெனரேட்டருக்குப் போவது நடுவில் ஓட்டையோடு. புதிய கருவி பொறுத்துக்கொள்ளும், பழையது முகம் சுளிக்கும். எம்ஐடி$(எஸ்டிஆர்$(எஃப்),2) என்று எழுதினால் முன்னால் இருக்கும் இடைவெளியும் போகும், பின்னால் ஒட்டுவதும் வராது. ஆனால் எதிர்ம எண்ணுக்கு இதைச் செய்தால் கழித்தல் குறியே வெட்டுப்பட்டுவிடும், குறியைப் பார்த்துப் பிரித்துக் கையாளுங்கள். 0.01-க்குக் கீழே போனால் பேசிக் தானாகவே அடுக்குக் குறிக்கு மாறிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். 0.005 என்று நினைத்து நீங்கள் அனுப்புவது உண்மையில் 5இ-03. பவர் சப்ளை அதை 5 வோல்ட் என்று புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இந்த மாதிரி இடங்களில் மில்லி வோல்ட்டை முழு எண்ணாக வைத்துக்கொண்டு தசமப் புள்ளியை நீங்களே ஒட்டுவது பத்திரமானது. புதிதாக எழுதிய எந்த வரியையும் முதலில் கருவிக்கு அனுப்பாமல் திரைக்கு அனுப்பிப் பாருங்கள். சாதன எண்ணை 3 என்று மாற்றினால் போதும்.

அறிகுறி: நிரல் கண்ணுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் சின்டாக்ஸ் எரர்

பிரிண்ட்# என்பதைச் சுருக்கி ?# என்று அடித்திருப்பீர்கள். லிஸ்ட் போட்டால் பிரிண்ட்# என்றுதான் காட்டும், அதனால் கண்ணை எவ்வளவு தேய்த்தாலும் தப்பு தெரியாது. உள்ளே பதிவாகியிருப்பது பிரிண்ட் என்ற வேறு கட்டளையும் தனியாக ஒரு # குறியும். அந்த வரியை முழுதாக மறுபடி அடியுங்கள்.

அறிகுறி: அளவு காலியாக வருகிறது, எஸ்டி 2 என்கிறது

பெட் பொறுமைசாலி இல்லை. பேசு என்று சொன்னபிறகு ஏறத்தாழ 65 மில்லிசெகண்ட் மட்டுமே காத்திருக்கும். பைட் வரவில்லை என்றால் எஸ்டி என்ற நிலை மாறியில் 2 போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. உங்கள் பட்டியலில் அமைதியாக ஒரு பூஜ்யம் விழும்.

மல்டிமீட்டரின் பக்கம் நின்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். இரைச்சலைக் குறைக்க பத்துச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால் 200 மில்லிசெகண்ட், இடையில் தன் பூஜ்யத்தையும் அளந்துகொண்டால் அதன் இரண்டு மடங்கு. துல்லியமான அளவு 65 மில்லிசெகண்டில் வரவே வராது. இங்கே இரண்டு பேர் மேலும் தப்பில்லை, நடுவில் இருக்கும் நிரல்தான் காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஹியூலெட்-பேக்கர்ட் 3478ஏ மல்டிமீட்டரை 23-ஆம் முகவரியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் எஃப்1 என்றால் டிசி வோல்ட், டி3 என்றால் ஒரே ஒரு முறை அளப்பது.

10 ஓப்பன் 130,23
20 பிரிண்ட்#130,"எஃப்1டி3"
30 டி=டிஐ
40 இஃப் டிஐ-டி<60 தென் 40
50 இன்புட்#130,ஏ$:எஸ்=எஸ்டி
60 இஃப் எஸ் அண்ட் 2 தென் 50
70 பிரிண்ட் விஏஎல்(ஏ$)

டிஐ என்பது செகண்டுக்கு 60 முறை ஏறும் உள் கடிகாரம், ஆகவே 40-ஆம் வரி ஒரு செகண்ட் காத்திருப்பு. 50-ஆம் வரியில் எஸ்டியை உடனே எஸ்-இல் எடுத்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். அடுத்த உள்ளீடு அல்லது வெளியீடு நடந்தால் எஸ்டி மாறிவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. 60-ஆம் வரி முடிவில்லாமல் சுற்றக்கூடியது, உண்மையான வேலையில் ஒரு எண்ணியைச் சேர்த்து இருபது முறைக்கு மேல் போனால் நிறுத்துங்கள். எஸ்டி 64 என்றால் பயப்பட வேண்டாம். கருவி இஓஐ கொடுத்து முடித்துவிட்டது, நல்ல செய்தி. 1 என்றால் நீங்கள் எழுதும்போது அந்தப் பக்கம் வாங்கவில்லை. மைனஸ் 128 என்றால் ஆளே இல்லை.

அளவு வருகிறது, ஆனால் ஒரு படி பின்தங்கி வருகிறது என்பது இதன் பக்கத்து வீட்டுப் பிரச்சினை. கருவி தன்பாட்டுக்குத் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தால், நீங்கள் கேட்கும்போது கிடைப்பது முன்பே எடுத்து வைத்த பழைய அளவாக இருக்கலாம். பவர் சப்ளையை மாற்றிவிட்டு உடனே அளக்கும் வேலைகளில் இது கிராஃபையே ஒரு புள்ளி நகர்த்திவிடும். ஒற்றை அளவு முறைதான் நம்பகமானது. மாற்று, கொஞ்சம் பொறு, அளக்கச் சொல், பொறு, படி.

அறிகுறி: பதில் பாதியில் வெட்டப்படுகிறது

கருவியின் அடையாளம் கேட்டால் தயாரிப்பாளர் பெயர் மட்டும் வந்து மாடல் எண் காணாமல் போகும். பதிலைப் படிக்கும் இன்புட்# காற்புள்ளியைக் கண்டால் அங்கேயே வெட்டிவிடும், முக்காற்புள்ளிக்கும் அதே கதி. அடையாளப் பதிலில் நான்கு பகுதிகள் காற்புள்ளியால் பிரிந்திருப்பதால், இன்புட்#130,ஏ$,பி$,சி$,டி$ என்று நான்கு மாறிகள் கொடுத்தால் வேலை முடிந்தது.

எத்தனை பகுதிகள் வரும் என்று தெரியாதபோது கெட்# மூலம் ஒவ்வொரு எழுத்தாக எடுக்க வேண்டும். பதில் எண்பது எழுத்துக்கு மேல் நீண்டு ஸ்ட்ரிங் டூ லாங் என்று வந்தாலும் இதுதான் வழி. இதில் இரண்டு குழிகள். எழுத்து எண் 0 வந்தால் கெட்# வெற்று ஸ்ட்ரிங் தரும், அதை எழுத்தின் எண்ணைச் சொல்லும் ஏஎஸ்சியில் போட்டால் இல்லீகல் குவான்டிட்டி என்ற பிழை. ஏஎஸ்சி(ஏ$+சிஎச்ஆர்$(0)) என்று எழுதிவிட்டால் கவலையில்லை. இரண்டாவது கொஞ்சம் ஆழமானது. ஒவ்வொரு கெட்#-க்கும் கணினி 'பேசு' என்று சொல்லி, ஒரு பைட் வாங்கி, 'நிறுத்து' என்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைத் திறந்து மூடச் சொன்னால் சில கருவிகள் குழம்பி, வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கும். முதல் எழுத்தே திரும்பத் திரும்ப வந்தால் காரணம் இதுதான். அந்தக் கருவிக்கு இன்புட்# மட்டுமே சரிப்படும்.

எண்ணுக்குப் பதில் எப்போதும் 0 வருகிறதா? கருவி அளவுக்கு முன்னால் எழுத்துகள் ஒட்டி அனுப்புகிறது. கீத்லி மல்டிமீட்டர்கள் சிலவற்றில் 'என்டிசிவி' என்று நான்கு எழுத்து முன்னால் வரும். ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் விஏஎல் முதல் எழுத்திலேயே எண் இல்லை என்று முடிவு செய்து 0 என்கிறது. ஐந்தாவது எழுத்திலிருந்து எடுங்கள்.

எழுத்துகளுக்குப் பதில் கோடும் பூவுமாக வந்தால், கருவி அனுப்புவது ஆஸ்கி என்ற பொது எழுத்து அட்டவணையின் சிறிய எழுத்து, கொமடோரின் எழுத்து அட்டவணை வேறு. அனுப்பும் கட்டளைகளை ஷிஃப்ட் அழுத்தாமல் அடித்தால் அவை ஆஸ்கியின் பெரிய எழுத்துகளாகவே போகும், கருவிகளுக்கு அதுவே போதும்.

அறிகுறி: சீரியலில் ஒன்றுமே வரவில்லை

கொமடோர் 64-இல் இதைத் தொடங்கும் முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள். யூசர் போர்ட் 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் மட்டுமே பேசும். கருவியின் ஆர்எஸ்-232 கேபிளை நேராக இணைத்தால் உள்ளே 6526 சிப் போகும். நடுவில் மேக்ஸ்232 மாதிரி ஒரு மாற்றி கட்டாயம். பழைய 64-இன் பவர் சப்ளையையும் சும்மா விடாதீர்கள். அதில் 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் ஏறி சிப்புகளைச் சுட்டுவிடும். கருவியை மாட்டும் முன் அந்த 5 வோல்ட்டை அளந்து பாருங்கள்.

ஹியூலெட்-பேக்கர்ட் 34401ஏ-ஐ எடுத்துக்கொண்டால், தொழிற்சாலை அமைப்பில் அதன் சீரியல் வேகம் 9600, ஏழு பிட், ஈவன் பாரிட்டி, இரண்டு ஸ்டாப் பிட். 64-இன் உள்ளமைந்த சீரியல் மென்பொருளால் 9600-ஐத் தொடவே முடியாது. 2400-உம் தடுமாறும், 1200 நிம்மதி. கருவியின் மெனுவில் 1200, எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று மாற்றிவிட்டு, ஓப்பன் 130,2,0,சிஎச்ஆர்$(136) கொடுங்கள். 136 என்பது 1200-க்கான 8-உம் இரண்டு ஸ்டாப் பிட்டுக்கான 128-உம் சேர்ந்தது. அப்புறம் சீரியலில் இந்த மீட்டருக்கு ரிமோட் ஆகச் சொல்லும் கட்டளையைத் தனியாக அனுப்ப வேண்டும். ஜிபிஐபியில் அது கம்பி மூலமே நடந்துவிடுவதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கருவி, 'தயார்' என்று சொல்லிக்கொள்ளும் டிடிஆர், டிஎஸ்ஆர் கம்பிகளையும் பார்க்கும். மூன்று கம்பிக் கேபிள் போட்டால், கருவி வரும் கடிதத்துக்குப் பதில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்ப அனுமதிக்காகக் காத்திருக்கும். கருவிப் பக்கத்திலேயே அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் தீர்ந்தது.

மாறிகளெல்லாம் திடீரென்று காலியாகிறதா? 64-இல் சீரியல் ஓப்பன், மெமரியின் உச்சியில் 512 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு எல்லா மாறிகளையும் அழித்துவிடும். அதை நிரலின் முதல் வரியாக வையுங்கள், பட்டியலுக்கு இடம் ஒதுக்கும் டிஐஎம் எல்லாம் அதற்குப் பிறகு. சீரியலில் பேச்சு ஓடும்போது டிஸ்க்கில் எழுதவும் முயல வேண்டாம். முதலில் அளந்து முடியுங்கள், பிறகு சேமியுங்கள்.

பிபிசி மைக்ரோவில் ஸ்டார் எஃப்எக்ஸ் 7 வரும் வேகத்தையும் 8 போகும் வேகத்தையும் அமைக்கும், ஒன்றை மறந்தால் ஒரு திசை மட்டும் குப்பையாக வரும். 9600-க்கு இரண்டிலும் 7. அனுப்பத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உறைந்தால், 'அனுப்பலாம்' என்று அனுமதி சொல்லும் சிடிஎஸ் கம்பியைப் பாருங்கள்.

அறிகுறி: நன்றாக ஓடுகிறது, ஆனால் அவ்வப்போது நிமிடக்கணக்கில் மூச்சு நிற்கிறது

கருவியில் குற்றமில்லை. அளவுகளை ஸ்ட்ரிங்காகவே பெரிய பட்டியலில் சேர்த்திருப்பீர்கள். மெமரி நிரம்பியதும் பேசிக் பழைய துண்டுகளை அப்புறப்படுத்த உட்காரும். ஆயிரக்கணக்கான ஸ்ட்ரிங் இருந்தால் அந்தத் துப்புரவு வேலை நிமிடக்கணக்கில் நீளும், அதுவரை ரன்/ஸ்டாப் விசைக்குக்கூட பதில் கிடைக்காது. பெட்டின் பேசிக் 4.0-இல் இது எவ்வளவோ பரவாயில்லை, 64-இல் அந்த முன்னேற்றம் கிடையாது. வந்தவுடன் விஏஎல் போட்டு எண் பட்டியலில் வையுங்கள். ஒரு எண்ணுக்கு ஐந்து பைட், மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அறிகுறி: கடைசி இலக்கம் ஆடுகிறது

கணினியை அணைத்து, கேபிளைக் கழற்றி, கருவியை மட்டும் பாருங்கள். அப்போதும் ஆடினால் அது உங்கள் சர்க்யூட். நின்றுவிட்டால் மானிட்டரைத் தள்ளி வையுங்கள். பிக்சர் டியூப் அருமையான இரைச்சல் உற்பத்தி நிலையம். பிபிசி மைக்ரோவின் சொந்த அனலாக் உள்ளீட்டை நேராகப் பயன்படுத்துபவர்கள் 12 பிட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கீழ் இரண்டு மூன்று பிட்டுகள் இரைச்சல்தான், 1.8 வோல்ட் என்று சொல்லப்படும் ஒப்பீட்டு மின்னழுத்தம் டையோடுகளிலிருந்து வருவதால் சூட்டுக்கு ஏற்ப நகரும். ஜாய்ஸ்டிக்குக்கு அது போதும்.

அறிகுறி: வேலை முடிந்தபிறகும் கருவியின் பொத்தான்கள் வேலை செய்யவில்லை

ஆர்இஎன் கம்பி கீழே இருக்கும்வரை, ஒருமுறை கூப்பிடப்பட்ட கருவி ரிமோட்டிலேயே இருக்கும். பெட்டில் அந்தக் கம்பி நேராகத் தரையோடு இணைக்கப்பட்டிருக்கிறது, நிரலால் தூக்க வழியில்லை. கணினியை அணைத்தாலும் தரை தரைதான். கருவியின் லோக்கல் பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் கேபிளைக் கழற்றுங்கள்.